ஆமைப் பட்டமும் ராஜம் அக்காவின் அண்டாவும்

எனக்குப் பிரியாணி அவ்வளவாகப் பிடிக்காது. சாம்பார் சாதமும் இரண்டு அப்பளமும் இருந்தால் போதும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் பிறகு சொல்லப்போவதை நீங்கள் வேறு மாதிரி எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது.

உட்காருங்கள். ஃபேன் மெதுவாகத்தான் சுற்றும். விழாக் குழுவிலிருந்து வருவதாகச் சொன்னீர்கள். ஆமைப் பட்டத்தை அவிழ்த்துவிட்டது யார் என்று கேட்டீர்கள். நான்தான். சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, பார்த்தீர்களா. மறைக்க நினைக்கிறவன் இப்படிச் சொல்லமாட்டான். ஆனால் ஏன் என்று கேட்டீர்களானால் நான் செங்கல்பட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

என் பெயர் ஜோயல். மறைமலைநகரில் காருக்கு பிரேக் சாமான் செய்கிற ஒரு கம்பெனியில் பதினேழு வருடமாகத் தரம் பார்க்கிற வேலை. ஒரு பெட்டி சாமான் வந்தால் அதில் ஐந்தை எடுத்துப் பார்ப்பேன். ஐந்தில் ஒன்று சந்தேகமாக இருந்தால் இன்னும் பத்து எடுப்பேன். அதிலும் சந்தேகம் வந்தால் மொத்தப் பெட்டியையும் பார்த்தாக வேண்டும். இது நானாகப் போட்ட சட்டம் இல்லை. கம்பெனியில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

அந்தச் சனிக்கிழமை குடும்பமாகப் பதினொரு பேர் செங்கல்பட்டிலிருந்து ஒரு வேன் பிடித்துக்கொண்டு மாமல்லபுரம் பக்கம் பட்டம் பார்க்கக் கிளம்பினோம். என் மனைவி ஷாரோன், ஏழாவது படிக்கிற என் மகள் சிநேகா, ஷாரோனின் அண்ணன் ஸ்டான்லி, அவர் மனைவி ராஜம் அக்கா, மற்றபடி ஸ்டான்லி பக்கத்துச் சொந்தங்கள். மதியச் சாப்பாட்டுக்கு ராஜம் அக்கா ஒரு பெரிய அண்டா நிறைய மட்டன் பிரியாணி செய்து கொண்டுவந்திருந்தார்.

அது வெறும் மதியச் சாப்பாடு இல்லை. வீட்டிலிருந்தே பிரியாணி ஆர்டர் எடுக்க வேண்டும் என்று ராஜம் அக்காவுக்கு ஒரு வருடமாக ஆசை. ஸ்டான்லி மச்சான் பிடி கொடுக்கவில்லை. கடைசியில் ஒருநாள் என் எதிரிலேயே சொன்னார்: "நம்ம ஜனம் அத்தினி பேரும் துன்னுட்டு நல்லா கீதுன்னு சொல்லட்டும். அப்பால வாசல்ல போர்டு மாட்டு. அதுவரிக்கும் இந்தப் பேச்ச எடுக்காத."

அக்கா அதிகம் பேசுகிறவர் இல்லை. சரி என்றார். கறியை எண்ணிப் போட்டார். இருபத்தெட்டுத் துண்டு. தலைக்கு இரண்டு, மீதி ஆறு கேட்கிறவர்களுக்கு. மூடி நகராமல் இருக்க ஸ்டான்லியின் பச்சைத் துண்டால் அண்டாவைச் சுற்றிக் கட்டினார். வேனில் கடைசி சீட்டில் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். அண்டாவை என் கால்களுக்கு நடுவில் வைத்துவிட்டு, "தம்பி, இதுல பொறுப்பான ஆளு நீதான். பத்திரமாப் புடிச்சிக்க" என்றார்.

பொறுப்பான ஆள் என்றது அவர். நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

திருக்கழுக்குன்றம் சாலையில் முதல் வேகத்தடை வந்தபோது துண்டு தளர்ந்து மூடி ஒரு விரல் அளவு நகர்ந்தது. வாசனை வந்தது. எனக்கு அப்போது ஒரு கவலை வந்தது. இன்னும் இரண்டு மணி நேரத்தில் இத்தனை பேரும் இந்தப் பிரியாணிக்குத் தீர்ப்பு சொல்லப்போகிறார்கள். அவர்களில் ஒருவர்கூட இதற்கென்று பயிற்சி பெற்றவர் இல்லை. ஏதாவது குறை இருந்து, கடற்கரையில் எல்லார் முன்னாலும் அது வெளிப்பட்டால் அக்காவின் மானம் போய்விடும். வேனில் முறையாகப் பார்க்கத் தெரிந்த ஒரே ஆள் நான்.

ஒரு கறித்துண்டு எடுத்தேன். பஞ்சு போல இருந்தது. ஆனால் ஒரு துண்டை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. இன்னும் நான்கு எடுத்தேன். ஐந்தாவதில் உப்பு ஒரு கல் தூக்கல் போலத் தோன்றியது. நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. நிச்சயமாகச் சொல்ல முடியாதபோது என்ன செய்ய வேண்டும் என்பதை உங்களுக்கு முன்பே சொல்லிவிட்டேன்.

எலும்புகளை ஜன்னல் வழியாகப் போட்டேன். திருக்கழுக்குன்றம் நெருங்கும்போது பின்னால் ஏழெட்டு நாய்கள் வந்துகொண்டிருந்தன. ஸ்டான்லி முன்சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தார்.

"இன்னாபா இது, நாயிங்க நம்ம வண்டிய தொரத்திகினு வருதுங்க? டிரைவரே, எதையாச்சும் இடிச்சிட்டியா?"

"நா ஒன்னியும் இடிக்கல சார்" என்றார் டிரைவர், கண்ணாடியில் பார்த்தபடி. "கோவமா வரமாரி தெரியல. சந்தோசமாத்தான் வருதுங்க."

சிநேகாவும் திரும்பினாள். நாய்களைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் மலைக்கோயிலைக் காட்டினேன். பிள்ளைகளுக்கு ஊரைக் காட்டிக்கொண்டு வர வேண்டும் இல்லையா.

கடல் காற்று முகத்தில் அடித்தபோது அண்டாவில் மூன்று துண்டு மிச்சம் இருந்தது. அந்த மூன்றுதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. பதினொரு பேருக்கு மூன்று துண்டு என்றால் கட்டாயம் சண்டை வரும். ஸ்டான்லி வீட்டு ஆட்கள் கல்யாணத்தில் ஒரு முட்டைக்காக இரண்டு வருடம் பேசாமல் இருந்தவர்கள். குடும்பம் ஒற்றுமையாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். மூன்றையும் சாப்பிட்டேன். சோற்றை, அக்கா அண்டாவோடு கொடுத்திருந்த கரண்டியின் காம்பால் சமன்படுத்தி, மூடியைச் சரிசெய்து, துண்டை இறுக்கிக் கட்டினேன். அக்கா கட்டியதைவிட அது நல்ல கட்டு.

விழாவைக் குறை சொல்ல முடியாது. நன்றாக நடத்தினீர்கள். வானம் முழுக்க மீனும் புலியும் டிராகனும். அவற்றில் பெரியது அந்த ஆமைதான். பச்சை நிறம், ஒரு மினி பஸ் அளவு. அதன் கயிற்றை ஒரு மணல் மூட்டையில் கட்டியிருந்தார்கள். மூட்டைக்குப் பக்கத்திலேயே நாங்கள் ஜமக்காளம் விரித்தோம். ஆமையின் நிழல் அங்கே விழுந்துகொண்டிருந்தது. வெயிலுக்கு இதமாக இருக்கும் என்று ஷாரோன்தான் இடம் பார்த்தாள். ஆகவே இடத்துக்கு நான் பொறுப்பில்லை.

"ஒரு மணிக்கு சாப்பாடு" என்று ஸ்டான்லி அறிவித்தார். மணி அப்போது பன்னிரண்டேகால்.

முக்கால் மணி நேரத்தில் நான் எல்லா வழிகளையும் யோசித்தேன். அண்டாவைத் தற்செயலாகக் கவிழ்க்கலாம். ஆனால் மணலில் கொட்டினால் சோறு மட்டும் கொட்டும், கறி கொட்டாது, பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். நாய் மேல் பழி போடலாம். ஆனால் துண்டை அவிழ்த்துத் தின்றுவிட்டு மறுபடி கட்டிவைக்கிற நாய் இல்லை. உண்மையைச் சொல்லலாம். அது அந்த நேரத்துக்குச் சரிப்பட்டு வராது என்று பட்டது.

அப்போது மைக்கில் புலிப் பட்டம் ஏறப்போவதாகச் சொன்னார்கள். எல்லாரும் எழுந்து அந்தப் பக்கம் திரும்பி நின்றார்கள். ராஜம் அக்கா கரண்டி கழுவக் குழாய்க்குப் போயிருந்தார். நான் ஆமையின் கயிற்றை மூட்டையிலிருந்து அவிழ்த்து அண்டாவின் இரண்டு காதிலும் கோத்து முடிச்சுப் போட்டேன். என் எண்ணம் சின்னது. அண்டா ஒரு இருபது அடி இழுபட்டு, கூட்டத்துக்கு நடுவில் உருண்டு, நாலு பேர் காலில் மிதிபட்டால் எது எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. அது பறக்கும் என்று நான் நினைக்கவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

அண்டா முதலில் நடந்தது. நிதானமாக, ஏதோ வேலையாகப் போகிற ஆள் மாதிரி பத்தடி நடந்தது. பிறகு குதித்தது. மூன்றாவது குதியில் இறங்கவில்லை.

மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர் ஒரு கணம் தடுமாறினார். பிறகு சமாளித்துக்கொண்டார். "அடுத்ததாக நாம் காண்பது, பறக்கும் பாத்திரம். எந்த நாட்டுக் குழு என்கிற விவரம் இன்னும் வந்து சேரவில்லை. பலத்த கரவொலி எழுப்புங்கள்."

எல்லாரும் கைதட்டினார்கள். ஸ்டான்லி விசில் அடித்தார். குழாயடியிலிருந்து திரும்பிய ராஜம் அக்காவும் கரண்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு கைதட்டினார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கையை நிறுத்தினார்.

"ஏங்க, அது உங்க துண்டு மாரி இல்ல?"

ஸ்டான்லி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "துண்டு மட்டும் இல்லடி. அண்டாவும் நம்முளுது" என்று சொல்லிவிட்டு ஓட ஆரம்பித்தார். அவர் பின்னால் குடும்பமே ஓடியது.

அண்டா தெற்கே போனது. கீழே ஆட்கள் இருந்தார்களா என்று கேட்பீர்கள். இருந்தார்கள். ஆனால் எல்லாரும் மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விழுந்தால் விலகத் தெரியாத கூட்டமாக எனக்குத் தெரியவில்லை. ஒரு கிலோமீட்டர் தள்ளி மீனவக் குப்பத்தின் பக்கம் போனதும் முடிச்சு நழுவியது. அது என் முடிச்சு. அந்தக் குறையை ஒத்துக்கொள்கிறேன். அண்டா கீழே இறங்கியது, பாரம் குறைந்த ஆமை கிழக்கே போனது. உங்கள் பட்டத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அந்தமான் பக்கம் யாரையாவது விசாரித்தீர்களா?

எல்லாரும் ஓடியபோது நான் ஜமக்காளத்தைக் காவல் காத்தேன். மிளகாய்த்தூள் போட்ட மாங்காய்ப் பத்தை இரண்டு வாங்கித் தின்றேன். சிநேகா ஓடாமல் திரும்பி வந்தாள்.

"அப்பா, இன்னா துன்ற?"

"மாங்கா. வேணுமாம்மா?"

அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். கிட்டே வந்து என் மீசையிலிருந்து ஒரு சோற்றுப் பருக்கையை எடுத்தாள். மஞ்சளாக, நீளமாக இருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு மணலில் போட்டுக் காலால் மூடினாள். சுத்தமாக இருக்க வேண்டும் என்று நான்தான் அவளுக்குச் சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொடுத்தது.

போனவர்கள் குப்பத்துக்குப் பாதி வழியிலேயே மூச்சு வாங்கித் திரும்பிவிட்டார்கள். அரை மணி நேரம் கழித்து ஒரு பழைய டிவிஎஸ் வண்டியில் அண்டாவே வந்தது. ஓட்டி வந்தவர் நீலமேகம் என்கிற மீனவர். பின்னால் அவர் மனைவி வச்சலா அண்டாவை மடியில் வைத்துக் கட்டிப் பிடித்திருந்தார். அடியில் ஒரு நசுங்கல், அவ்வளவுதான்.

"வலை மேல வந்து வுழுந்துச்சி" என்றார் நீலமேகம். "குண்டுன்னு சொல்லி பாதி ஜனம் ஓடிட்சி. நாந்தான் துடுப்பால மூடிய நெம்பிப் பாத்தேன். கமகமன்னு கீது. சோத்துக்குடையவங்க பசியோட இருப்பாங்களேன்னு எட்தாந்துட்டோம்."

ஸ்டான்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். ராஜம் அக்காவின் முகத்தில் உயிர் வந்தது. ஓடிப்போய்த் தட்டுகளை எடுத்து வைத்தார். கரண்டியை உள்ளே விட்டார். ஒரு தரம் புரட்டினார். இன்னொரு தரம் புரட்டினார். பிறகு முழங்கை வரை உள்ளே விட்டு அடியைத் துழாவினார்.

"கறி இல்லிங்க."

"இன்னாது?"

"ஒன்னு கூட இல்ல. இருவத்தெட்டு போட்டேன். எண்ணிப் போட்டேங்க."

ஸ்டான்லி அண்டாவைப் பார்த்தார். அப்புறம் மெதுவாக நீலமேகத்தைப் பார்த்தார். வச்சலா அந்தப் பார்வையைப் புரிந்துகொண்டார்.

"தோ பாருங்க, பொய் சொல்ல மாட்டோம். இன்னா சோறுன்னு பாக்க ஆளுக்கு ரெண்டு வாய் வச்சோம். கறியே கண்ணுல படல. செஞ்சவங்க போட மறந்துட்டாங்க போலன்னு எங்களுக்குள்ள பேசிக்கினோம்."

யாரும் கேட்காமலே அவர் ஒத்துக்கொண்டது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இப்படி வெள்ளந்தியாகப் பேசுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அந்த நேரத்தில் நான் கண்ணில் பட்ட ஒன்றைச் சொன்னேன்.

"அண்ணாத்த கையில எண்ணெ கீதே."

அவ்வளவுதான் சொன்னேன். குற்றம் சாட்டவில்லை. கையில் எண்ணெய் இருந்தது, இருக்கிறது என்றேன். அது படகு இன்ஜின் எண்ணெய் என்று எனக்குத் தெரியும். பதினேழு வருடம் பிரேக் சாமானோடு இருப்பவனுக்கு எண்ணெய் தெரியாமல் போகுமா? எந்த எண்ணெய் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

நீலமேகம் தன் கையைப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. "இது இன்ஜின் எண்ணெய்ப்பா. கறியத் துன்னுட்டு அண்டாவ திருப்பிக் குடுக்க வெயில்ல வரத்துக்கு எனக்கு இன்னா பைத்தியமா புட்சிகீது?"

நல்ல வாதம். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் ஸ்டான்லிக்குப் பசி. "அப்பறம் ஆகாசத்துல யாரு வந்து துன்னாங்க? காக்காவா மூடியத் தொறந்துச்சி?" என்று கத்தினார்.

வச்சலா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார். "கத்தாத. கறி துன்ன வாயி மணக்கும். மொதல்ல எங்க ரெண்டு பேரு வாய மோந்து பாரு. அப்பால உங்காளுங்க எல்லாரும் வாயத் தொறங்க."

ஸ்டான்லி நீலமேகத்தின் வாயை முகர்ந்தார். பீடி என்று முணுமுணுத்தார். ஷாரோன் வச்சலாவை முகர்ந்துவிட்டு, "சோறு வாசன லேசா. கறி இல்ல" என்றாள். பிறகு எங்கள் முறை. பட்டங்களுக்குக் கீழே மணலில் வரிசையாக நின்று வாயைத் திறந்தோம். போகிறவர்கள் இதுவும் ஒரு போட்டி என்று நினைத்திருக்க வேண்டும். இரண்டு பேர் எங்கள் வரிசையில் சேர்ந்து வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள்.

என் வாயை முகரச் சிநேகா வந்தாள். நான் குனிந்து வாயைத் திறந்தேன். அவள் முகர்ந்தாள். வேண்டியதைவிட அதிக நேரம் அப்படியே நின்றாள். ஸ்டான்லி, "இன்னா பாப்பா?" என்றார்.

"மாங்கா" என்றாள். "மாங்கா வாசன மட்டுந்தான்."

என் மகள் பொய் சொல்லமாட்டாள். அப்படி வளர்த்திருக்கிறேன். ஆகவே அந்த வார்த்தை கேட்டதும் எனக்கே ஒரு நிம்மதி வந்தது. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. மிளகாய்த்தூள் நெடியாக இருக்கும். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை, தட்டை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விடுகிறாள். ஏழாவது படிக்கிற வயது அப்படித்தான்.

ராஜம் அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மணலில் உட்கார்ந்துவிட்டார். "ஆர்டரும் வேணாம், ஒன்னும் வேணாம். நானே போட மறந்துட்டேனோ என்னவோ. வுடுங்க. அவுங்களப் போவச் சொல்லுங்க" என்றார். எண்ணிப் போட்டதை எப்படி மறக்க முடியும் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவர் அப்படி நினைத்துக்கொள்வது எல்லாருக்கும் வசதியாக இருந்தது.

போகத் திரும்பிய வச்சலா நின்றார். "இன்னா ஆர்டர்?"

ஷாரோன் விஷயத்தைச் சொன்னாள். வச்சலா அக்காவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இத்த போயி வுடறன்னு சொல்றியேக்கா? கறி இல்லாத வெறுஞ்சோறு. அதுவும் வானத்துல இருந்து வுழுந்த சோறு. எங்க குப்பத்துல அந்த ரெண்டு வாய்க்கு அடிதடி ஆவாத கொற. எங்க பேத்திக்கு வர ஞாயித்துக்கெழம காதுகுத்து. எரநூறு பேரு. நீ வந்து செய்யி." எங்கள் எல்லாரையும் பார்த்தார். "கறிக்கு மட்டும் நா காவலு இருக்கறேன்."

நீலமேகம் முதலில் சிரித்தார். பிறகு ஒவ்வொருவராகச் சிரித்தார்கள். ஸ்டான்லி தலையைச் சொறிந்துகொண்டு அவரிடம் போனார்.

"அண்ணாத்த, பசில பேசிட்டேன். மனசுல வச்சிக்காத."

"மனசுலதான் வச்சிக்குவேன். வேற எங்க வைக்கச் சொல்ற?" என்றார் நீலமேகம். "சோறு ஆறிப்போவுது. மொதல்ல துன்னுங்க."

அவர்களையும் உட்காரவைத்து எல்லாரும் வெறுஞ்சோற்றைச் சாப்பிட்டோம். நல்லா கீது என்று ஒருவர் பாக்கியில்லாமல் சொன்னார்கள். ஸ்டான்லி இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார். எனக்குப் பசி இல்லை; மரியாதைக்காக ஒரு தட்டு சாப்பிட்டேன். மறுநாளே ராஜம் அக்கா வீட்டு வாசலில் போர்டு மாட்டிவிட்டார்கள்.

யோசித்துப் பாருங்கள். அந்த இருபத்தெட்டுத் துண்டும் அண்டாவிலேயே இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? சாப்பிட்டிருப்பார்கள், ஏப்பம் விட்டிருப்பார்கள், வேனில் ஏறியிருப்பார்கள். அண்டா பறந்திருக்காது. வச்சலா வந்திருக்கமாட்டார். இருநூறு பேர் ஆர்டர் கிடைத்திருக்காது. இதற்காக எனக்கு யாரும் நன்றி சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நீங்கள் கேட்டது பட்டத்தைப் பற்றி மட்டும். நான் மற்றதையும் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. நாளை மறுநாள் அந்தக் காதுகுத்து. ஆறு நாளாக என் மனசாட்சி என்னைத் தூங்கவிடவில்லை. இருபத்தெட்டில் இரண்டு துண்டு எலும்பை ஒட்டிச் சரியாக வேகவில்லை. இது என் ஒருவனுக்கு மட்டும்தான் தெரியும். இருநூறு பேருக்கு இப்படி நடந்தால் அக்காவின் பெயர் கெட்டுவிடும். இன்னும் பத்து நிமிடம் அடுப்பில் விடச் சொல்லி நீங்கள் அவரிடம் சொல்ல வேண்டும். யார் சொன்னது என்று சொல்லவேண்டாம்.

அன்றைக்கே வாயைத் திறந்து அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எழுதிக்கொள்ளுங்கள், இந்த விஷயத்தில் நான் செய்த தப்பு அது ஒன்றுதான்.